கதவைக் காணோம்

மூன்றாவது தடவையாகத் துணிக்கட்டு நனைந்திருந்தது.

தையல்காரி குனிந்து மேலே இருந்ததைத் தூக்கினாள். சொட்டியது. அடுத்ததைத் தூக்கினாள். அதுவும் சொட்டியது. கருநீலக் கால்சட்டைகள், முப்பது. முதுகு ஒடிய உட்கார்ந்து தைத்து, காஜா எடுத்து, பட்டன் கட்டி, வெள்ளிக்கிழமை சீருடைக் கடையில் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டியவை. வெளியே நாலு நாளாக அடித்து ஊற்றுகிற மழை. துவைத்தால் காயப்போட இடமில்லை. துவைக்காமல் கொடுத்தால் கடைக்காரர் மூஞ்சியிலேயே விட்டெறிவார்.

"மாமா!"

அவள் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டு இஸ்திரிக்காரம்மா ஜன்னலைத் திறந்து பார்த்துவிட்டு மறுபடி சாத்திக்கொண்டாள். அந்த வீட்டிலிருந்து ஆறு மாதமாக வருகிற சத்தம்தான்.

மாமனார் நடையின் கோடியில், சுவரோடு ஒட்டி நின்றிருந்தார். பைஜாமாவின் முன்பக்கம் முழுக்க ஈரம். ஒரு கை சுவரைத் தொட்டுக்கொண்டிருந்தது.

"கதவைக் காணோம்," என்றார்.

"கதவு எங்க போகும்? கால் முளைச்சு நடந்து போயிடுச்சா? இதோ இருக்கு பாருங்க, குத்துக்கல்லாட்டம். இது என்ன?" பாத்ரூம் கதவை ஓங்கித் தட்டிக் காட்டினாள்.

"அது சுவரு."

"சுவராம்ல சுவரு! முப்பது கால்சட்டை மாமா! இங்க பாருங்க, இந்தப் பக்கம் வெள்ளைச் சட்டைக் கட்டு இருக்கு. அதுமேல ஒரு சொட்டு இல்ல. தேடிப் பாத்து, தைச்சு முடிச்ச கால்சட்டை மேலதான் போவீங்களா? எம்மேல என்ன வன்மம் உங்களுக்கு?"

அவர் அவளைப் பார்த்தார். அவள் யார் என்பது அந்த நேரத்தில் அவருக்குத் தெரிந்ததோ என்னவோ, கோபம் மட்டும் நன்றாகத் தெரிந்தது. "கதவைத் திருடிட்டீங்க எல்லாரும் சேர்ந்து," என்றார். "திருட்டுக் கூட்டம்!"

அந்த வார்த்தைக்குத்தான் போன மாதம் அவள் அவரை அடித்தாள். கையை ஓங்கினாள் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாலும், அடித்தது அடித்ததுதான். தோளில் ஒரு அடி. அவர் அடிபட்ட இடத்தைத் தடவிக்கொண்டு போய்க் கட்டிலில் உட்கார்ந்தார். அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. அன்றிலிருந்து அவளுக்கு அவர் மேல் கோபம் இன்னும் ஏறிப்போனது. நாம் அடித்த ஆளைக் கண்டால் நமக்கே பிடிக்காமல் போய்விடுகிறது.

தெருவில் யாரைக் கேட்டாலும் அவரை மேஸ்திரி என்றுதான் சொல்வார்கள். சாதாரண மேஸ்திரி இல்லை. பெயிண்ட் வேலையில் இருபது பேரைக் கட்டி மேய்த்தவர். ஒரு சுவரைத் தூரத்திலிருந்து பார்த்தே எத்தனை லிட்டர் குடிக்கும் என்று சொல்லுவார், அரை லிட்டர் முன்னே பின்னே இருக்காது. ரெண்டு வருடத்துக்கு முன் ஒரு வீட்டுக்கு மஞ்சள் கலக்கப் போனவர், எந்த வீடு என்று தெரியாமல் தெருமுனையிலேயே வாளியோடு உட்கார்ந்திருந்தார். டாக்டர் மறதி நோய் என்றார். போகப் போகக் கூடும், குறையாது என்றார். சரி, வந்தது வந்துவிட்டது, பார்த்துக்கொள்வோம் என்றுதான் தையல்காரியும் நினைத்தாள். பேரை மறந்தார், தேதியை மறந்தார், சாப்பிட்டதை மறந்து மறுபடி தட்டைத் தேடினார். அதெல்லாம் அவளுக்கு ஒரு பொருட்டே இல்லை. இன்னொரு தட்டு வைத்துவிட்டுப் போவாள். அப்போதெல்லாம் அவர் தன் வேலைகளைத் தானே செய்துகொண்டிருந்தார். தானே குளிப்பார். தானே போவார், வருவார். வேட்டி கட்டத் தொடங்கிய நாளிலிருந்தே கூச்சக்காரர், குளிக்கும்போது மனைவி சோப்பு நீட்டினால்கூட கதவிடுக்கு வழியாகத்தான் வாங்குவாராம்.

இது ஆறு மாதமாகத்தான். திடீரென்று ஒரு நாள் நடையில் போய்விட்டார். மறுநாள் மூலையில். அப்புறம் கால்சட்டைக் கட்டு மேல்.

நோய் முற்றிவிட்டது என்றான் மகன். டயப்பர் வாங்கி அனுப்பினாள் வெளியூரில் இருக்கிற மகள். பெரிய கட்டு, பெரியவர்களுக்கானது. அதை மாட்டுவது ஒரு போராட்டம். மகன் ரெண்டு கையையும் பிடித்துக்கொள்ள, மருமகள் மாட்டுவாள். "விடுடா! இதை மாட்டறதுக்குப் பதிலா என்னைக் கொன்னு போடு!" என்று கத்துவார். ஒரு மணி நேரத்தில் கிழித்துப் பஞ்சு பஞ்சாகக் கட்டிலுக்கு அடியில் போட்டிருப்பார். நடுவில் ஒரு நாள் பாத்ரூமுக்குக் கையைப் பிடித்துக் கூட்டிப்போய் விட்டபோது உள்ளே தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு திறக்கத் தெரியாமல் அரை மணி நேரம் அல்லாடினார். மகன் அன்றைக்கே அந்தத் தாழ்ப்பாளைக் கழற்றினான். கழற்றியதை வீணாக்காமல் அப்பாவின் அறைக் கதவில், வெளிப்பக்கமாக மாட்டினான். தையல்காரி கடைக்குப் போகும்போது போட்டுவிட்டுப் போக வசதியாக இருந்தது.

கால்சட்டை நனைந்த அன்றைக்கும் மழையால் வேலை இல்லை. வெளிச்சுவர் வேலைக்கு மழை எமன். மகன் பதினோரு மணிக்கே வீட்டுக்கு வந்துவிட்டான். சொந்தமாகப் பெயிண்ட் காண்ட்ராக்ட் எடுக்கிறவன் என்பதால் தையல்காரி கோபம் வந்தால் அவனைக் காண்ட்ராக்டர் என்று கூப்பிடுவாள். அன்றைக்கு வாசலிலேயே கூப்பிட்டாள்.

"வாங்க காண்ட்ராக்டர். உங்க அப்பா அபிஷேகம் பண்ணியிருக்காரு, வந்து பாருங்க."

அவன் பார்த்தான். மூக்கைப் பொத்திக்கொண்டான். "அக்கா போன் பண்ணிச்சு," என்றான்.

"என்னவாம்?"

"அங்க ஒரு இல்லம் இருக்காம். இந்த மாதிரி ஆளுங்களுக்குன்னே. நர்ஸ் எல்லாம் இருக்காங்களாம். ஞாயித்துக்கிழமை வண்டியோட வருது. கையெழுத்துப் போட்டா அன்னிக்கே கூட்டிட்டுப் போயிடலாமாம்."

"அன்னிக்கேவா?"

"பின்ன? நீதானே தினம் கத்தறே, என்னால முடியல, என்னால முடியலன்னு."

கத்தினாள்தான். இல்லை என்று எப்படிச் சொல்வாள்? முப்பது கால்சட்டை வாளியில் கிடந்தன. ஆனாலும் அன்னிக்கே என்றதும் மாமனார் பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

நாற்காலியில் உட்கார்ந்து டீயில் ரொட்டியைத் தோய்த்துக்கொண்டிருந்த மேஸ்திரி தலையைத் தூக்கினார். "யாரைடா கூட்டிட்டுப் போறீங்க?"

"யாரையும் இல்லப்பா. நீ டீயைக் குடி."

"என் காதுல விழுந்துச்சு."

"அவருக்கு என்ன தெரியப்போகுது, விடு," என்றான் மகன் தையல்காரியிடம், அப்பா அங்கே உட்கார்ந்திருக்கும்போதே.

மேஸ்திரி டீ கிளாசைத் தரையில் வைத்தார். வைத்தார் என்ன, குத்தினார். "எனக்குத் தெரியாதுன்னு உனக்கு எவன் சொன்னான்?" என்றார். ரெண்டு நிமிஷம் போனதும் அவர் எதற்குக் கோபப்பட்டோம் என்பதை மறந்து ரொட்டியைத் தேட ஆரம்பித்தார். கோபம் மட்டும் முகத்திலேயே உட்கார்ந்திருந்தது.

வெள்ளிக்கிழமை துணி கொடுக்கப் போக வேண்டும். ரெண்டு நாளும் மின்விசிறிக்கு அடியில் போட்டும், இஸ்திரிக்காரம்மாவிடம் கொடுத்துத் தேய்த்தும் கால்சட்டைகளை ஒருவழியாகத் தேற்றியிருந்தாள். மாமனாரை அறைக்குள் விட்டுத் தாழ்ப்பாளைப் போடப் போன சமயம், இஸ்திரிக்காரம்மா குடையோடு வாசலில் வந்து நின்றாள்.

"ஏம்மா, ஒண்ணு கேக்கறேன், கோவிச்சுக்காதே. நீ அந்தாண்ட போனதும் அந்த மனுஷன் கதவைத் தட்டு தட்டுன்னு தட்டறாரு. எனக்கு இஸ்திரி போடக் கை ஓட மாட்டேங்குது. எங்கிட்ட விட்டுட்டுப் போ. ரெண்டு மணி நேரம்தானே, உட்காந்திருக்கட்டும்."

"அக்கா, அவரு... போயிடுவாரு. உங்க துணியெல்லாம் நாசமாயிடும்."

"போனா தொடைச்சுட்டுப் போறேன். நான் பாக்காத அழுக்கா?"

வேறு வழியில்லாமல் விட்டுவிட்டுப் போனாள். கடையில் நிற்கும்போதெல்லாம் நினைப்பு அங்கேயே இருந்தது. ஊரார் வீட்டுத் துணியெல்லாம் மடித்து அடுக்கியிருக்கிற வீடு. எங்கே எதன் மேல் போய் நிற்கப்போகிறாரோ என்று பதைத்தபடி மழையில் குடை இருந்தும் பாதி நனைந்து ஓடி வந்தாள். வரும்போதே மன்னிப்புக் கேட்கிற முகத்தைத் தயார் பண்ணிக்கொண்டு வந்தாள்.

மேஸ்திரி மேசைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கைக்குட்டைகளை நாலாக மடித்துக்கொண்டிருந்தார். பைஜாமா காய்ந்திருந்தது.

"என்ன அக்கா, ஏதாவது..."

"ஒண்ணும் இல்லையே. ரெண்டு தடவை போயிட்டு வந்தாரு. கேக்கக்கூட இல்ல. எழுந்தாரு, நேராப் போனாரு, கதவைச் சாத்திக்கிட்டாரு, தண்ணி ஊத்திட்டு வந்தாரு. என் வீட்டுக்காரரைவிடச் சுத்தம்."

தையல்காரிக்குச் சுர்ரென்று கோபம் ஏறியது. ஆறு மாதம்! ஆறு மாதம் அவள் துடைத்திருக்கிறாள், கழுவியிருக்கிறாள், சோற்றில் கை வைக்கும்போதுகூட அந்த வாடை. இங்கே என்னடாவென்றால் மகாராஜா மாதிரி போய்விட்டு வருகிறாராம். அப்படியானால் வேண்டுமென்றே செய்கிறார். தெரிந்தே செய்கிறார். அவளை ஓட ஓட விரட்டுவதற்கென்றே செய்கிறார்!

கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தாள். வழியெல்லாம் திட்டு. "ஊருக்கு உத்தமரா நீங்க? நான் மட்டும் என்ன இளிச்சவாயா? ஞாயித்துக்கிழமை வரட்டும். போய்ச் சேருங்க. எனக்கு ஒரு சொட்டுக் கண்ணீர் வராது பாருங்க." மழைச் சத்தத்தில் அவருக்குப் பாதி கேட்டிருக்காது. குடையை மட்டும் அவள் பக்கமாகச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு வந்தார்.

வீட்டுக்குள் வந்ததும் அவர் நடைப்பக்கம் போனார். தையல்காரி போகவிட்டாள். பார்த்துவிடுவது என்று மெஷினுக்குப் பின்னால் நின்றுகொண்டாள். கையும் களவுமாகப் பிடித்து, இன்றைக்கு நாலு வார்த்தை நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டுவிடுவது என்று.

நடையில் இடது பக்கம் மூன்று கதவு. முதலில் அவர் அறை, அப்புறம் பாத்ரூம், அப்புறம் சாமான் அறை. கோடியில் அவள் துணி அடுக்குகிற மூலை. மேஸ்திரி சுவரில் கை வைத்து மெல்ல நடந்தார். விரல் சுவரில் வந்தது, தன் அறைக் கதவு மேல் வந்தது, மறுபடி சுவர், பாத்ரூம் கதவு மேலேயே ஊர்ந்தது. நிற்கவில்லை. கதவைத் தாண்டிப் போனார். நின்றார். திரும்பி வந்தார். மறுபடி தாண்டிப் போனார். கால் பின்னிக்கொள்ள ஆரம்பித்தது. பைஜாமாவை ஒரு கையால் இறுக்கிப் பிடித்துக்கொண்டார். அவசரம். சுவரை உள்ளங்கையால் தட்டினார். "இங்கதானே இருந்துச்சு," என்று முனகினார். "இங்கதாண்டா வச்சேன்." அவர் முகத்தில் வன்மமும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. பயம்தான் இருந்தது. ஒரு பெரிய மனுஷன், சின்னப் பிள்ளை திருவிழாக் கூட்டத்தில் தொலைந்த மாதிரி, தன் வீட்டு நடையில் முழித்துக்கொண்டு நின்றார்.

அப்புறம் கோடியைப் பார்த்தார். புதிதாக வெட்டி வைத்த கருநீலத் துணி அங்கே அடுக்கியிருந்தது. முகம் தெளிந்தது. நேராக அதை நோக்கிப் போனார்.

"மாமா, மாமா, இருங்க!" ஓடிப் போய்க் கையைப் பிடித்தாள். பாத்ரூம் கதவைத் தள்ளித் திறந்தாள். உள்ளே வெளிச்சத்தில் பீங்கானைப் பார்த்ததும் அவர் தானாகவே உள்ளே போனார். கதவைச் சாத்திக்கொண்டார். தண்ணீர் ஊற்றுகிற சத்தம் கேட்டது.

தையல்காரி நடையில் நின்றாள். சுவர் யானைத் தந்த நிறம். கதவு தந்த நிறம். நிலை தந்த நிறம். கைப்பிடியைக்கூட விடாமல் அதையே அடித்திருந்தார்கள். இஸ்திரிக்காரம்மா வீட்டில் செங்கல் சுவர், அதில் பச்சைத் தகரக் கதவு.

இங்கேயும் முன்பெல்லாம் கதவுக்கொரு நிறம். பாத்ரூமுக்குக் கருநீலம், சாமான் அறைக்குப் பச்சை, அவர் அறைக்குக் காவி. வேலைக்குப் போன இடத்தில் மிஞ்சினதையெல்லாம் கொண்டுவந்து மேஸ்திரி அடித்து வைத்தது. முப்பது வருடமாக அப்படியே இருந்தது. ஆறு மாதத்துக்கு முன் காண்ட்ராக்டர் ஒரு பெரிய அடுக்குமாடி வேலையை முடித்தான். தந்த நிறம் நாலு டிரம் மிஞ்சியது. வீட்டைச் சர்க்கஸ் கூடாரம் மாதிரி வைத்திருக்கிறோம், பார்க்க வருகிற ஆட்கள் என்ன நினைப்பார்கள் என்று ரெண்டே நாளில் அத்தனையையும் ஒரே நிறமாக்கினான். பெயிண்ட் வேலைக்காரன் வீட்டில் தவிர வேறு எவன் வீட்டில் நாலு டிரம் மிஞ்சும்?

அன்றைக்கு மேஸ்திரி நடையில் நின்று கத்தினார். "கதவுக்கும் சுவத்துக்கும் ஒரே கலர் அடிக்காதடா! கண்ணு எங்கடா நிக்கும்?" என்றார். கிழவருக்கு மூளை குழம்பிவிட்டது என்று பணியாட்கள் சிரித்தார்கள். தையல்காரியும் சிரித்தாள். கதவைத் திருடிவிட்டீர்கள் என்றாரே, பொய்யா சொன்னார்? திருடித்தானே வைத்திருக்கிறோம். அதைச் சொன்னதற்கு அடி வேறு.

சாயங்காலம் காண்ட்ராக்டர் செருப்பைக்கூடக் கழற்றவில்லை, ஆரம்பித்துவிட்டாள்.

"பாத்ரூம் கதவுக்கு நீலம் அடிங்க."

"என்னது?"

"நீலம். பழைய கருநீலம். இன்னிக்கே அடிங்க. உங்க அப்பாவுக்குக் கதவு தெரியல. வியாதி அவரைக் கால்சட்டை மேல போகச் சொல்லல, நீங்க சொன்னீங்க. நீங்களும் உங்க நாலு டிரம்மும்."

நடந்ததையெல்லாம் மூச்சுவிடாமல் சொன்னாள். அவன் கேட்டான். கேட்டுவிட்டுச் சிரித்தான் பாருங்கள், அதுதான் தப்பாகிப்போனது.

"கதவுக்குப் பெயிண்ட் அடிச்சா மறதி போயிடுமா? டாக்டருக்குத் தெரியாதது உனக்குத் தெரிஞ்சிடுச்சா?"

"மறதி போகாது. ஒண்ணுக்குப் போவாரு."

"நாளைக்கு அதையும் மறப்பாரு. அப்ப என்ன பண்ணுவே?"

"நாளைக்கு மறந்தா நாளைக்குப் பாக்கறேன். இன்னிக்கு அவருக்குத் தெரியறதை எதுக்கு நீங்க புடுங்கறீங்க?"

"இங்க பாரு, திங்கக்கிழமை ஒரு பார்ட்டி வீட்டைப் பாக்க வராங்க. இதே டோன்தான் அவங்களுக்கும் வேணும். நடுவுல ஒரு கதவு மட்டும் பேய் மாதிரி நீலமா நின்னா என்ன நினைப்பாங்க? தவிர, மழையில எண்ணெய்ப் பெயிண்ட் காயாது. எல்லாம் ஞாயித்துக்கிழமையோட முடியப்போற விஷயம், சும்மா கிட."

"சும்மா கிடக்கறதா? ஆறு மாசமா உங்க அப்பன் மூத்திரத்தைத் துடைச்ச கை இது. கையைப் புடிச்சுக்கிட்டு நின்னீங்களே, நான் அந்தக் கருமத்தை மாட்டறப்போ அவரு மூஞ்சியைப் பாத்தீங்களா? நீங்க சுவத்தைப் பாத்துக்கிட்டு நின்னீங்க. ஏன்னா அது உங்களுக்கு நல்லாத் தெரியும், சுவரு!"

அவன் குடையை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டான். சொரணை உள்ளவன்தான், ஆனால் சொரணை வந்தால் வெளியே போய்விடுகிற ரகம். சனிக்கிழமை முழுக்க ஒரு வார்த்தை பேசவில்லை. அவளும் பேசவில்லை. பாத்ரூம் கதவைத் திறந்தே வைத்து, ஒரு செங்கல்லை முட்டுக்கொடுத்திருந்தாள். கதவு திறந்திருந்தால் மேஸ்திரி சரியாகப் போனார். ஆனால் சாத்திக்கொள்ளச் செங்கல்லை நகர்த்துவார், வெளியே வந்ததும் மறக்காமல் சாத்துவார். வாழ்நாளெல்லாம் கதவைச் சாத்திப் பழகினவர். அடுத்த தடவை மறுபடி சுவர்.

ஞாயிற்றுக்கிழமை காலை அக்காவை அழைத்துவர அவன் வெளியே போன உடனே தையல்காரி பின்கட்டுக் கொட்டகைக்குப் போனாள். தகர டப்பாக்களைப் புரட்டி மூன்று நீலம் எடுத்து வந்து, மூடியைத் திறந்து மாமனார் முன்னால் வரிசையாக வைத்தாள்.

"மாமா, பாத்ரூம் கதவுக்கு எது?"

அவர் அவளையும் டப்பாவையும் மாறி மாறிப் பார்த்தார். "இப்பத்தான் கேக்கத் தோணுச்சா?" என்றார். விரலை மூன்றாவது டப்பாவில் விட்டுப் பார்த்து, பைஜாமாவில் துடைத்துக்கொண்டார். "இது."

அவள் அடிக்க ஆரம்பித்தாள். துணியில் கோணல் விழாத கை, பிரஷ்ஷில் கோணியது. ஒழுகியது. மேஸ்திரி நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பின்னால் உட்கார்ந்து வைதார். "பல்லு விளக்கற மாதிரி தேய்க்காதே! இழு! கீழ சொட்டுது பாரு, கண்ணு இல்ல? உன்னை எவன் வேலைக்கு வச்சான்?" ஆறு மாதமாக அவள் பேசின பேச்சுக்கெல்லாம் வட்டியும் முதலுமாக வாங்கிக் கட்டிக்கொண்டாள். மூக்கை மட்டும் உறிஞ்சிக்கொண்டாள். பெயிண்ட் வாடை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

முக்கால் கதவு முடிந்தபோது வண்டி வந்து நின்றது.

நாத்தனார் நல்லவள்தான். வரும்போதே அழுதுகொண்டு வந்தாள். அப்பாவின் கன்னத்தைத் தடவி, "எப்படி இளைச்சுட்டாங்க," என்றாள். காண்ட்ராக்டர் நடையைப் பார்த்தான். முகம் கறுத்தது. அக்கா முன்னால் என்பதால் பல்லைக் கடித்துக்கொண்டான். நாத்தனார் பையிலிருந்து காகிதத்தை எடுத்து மேசை மேல் விரித்தாள்.

"இங்கதான் கையெழுத்து தம்பி. அங்க எல்லாம் அவங்களே பாத்துப்பாங்களாம். டயப்பரை மூணு வேளை மாத்துவாங்களாம்."

"அண்ணி, அவருக்கு டயப்பரே வேண்டாம்," என்றாள் தையல்காரி. கையெல்லாம் நீலம்.

"நீ பட்டதெல்லாம் போதும்மா. உன்னை யாரும் குறை சொல்ல மாட்டாங்க."

"நான் பட்டதைப் பத்தி யாரு பேசறா? அவரைக் கேட்டீங்களா?"

"அவரை என்னத்தைக் கேக்கறது? பாவம், அப்பாவுக்கு நாம பேசறதே புரியல."

"ஒண்ணு பண்ணலாம், முதல் மாசம் பாத்துட்டு..." என்று தம்பி இழுக்க, "அங்க பின்கட்டு அறைதான் காலியா இருக்காம், ஜன்னல் இல்ல, ஆனா..." என்று அக்கா சொல்ல, பேச்சு அவர் தலைக்கு மேலேயே போய் வந்துகொண்டிருந்தது.

மேஸ்திரி எழுந்தார்.

"அப்பா, எங்க? உட்காருங்கப்பா. தம்பி, புடி, புடி!"

"தொடாதீங்க," என்றாள் தையல்காரி. அந்தக் குரலுக்குக் காண்ட்ராக்டரின் கை அப்படியே நின்றது.

அவர் நடைக்குப் போனார். சுவரைத் தொடவில்லை. தன் அறையைத் தாண்டினார். நீலத்துக்கு முன்னால் நின்றார். உள்ளங்கையை வைத்துத் தள்ளினார், ஈரப் பெயிண்ட் மேலேயே. உள்ளே போனார். கதவு சாத்திக்கொண்டது.

நாத்தனார் வாயைப் பொத்திக்கொண்டாள். காண்ட்ராக்டர் தரையைப் பார்த்தான். தையல்காரி தன் கையிலிருந்த நீலத்தைப் பார்த்தாள். இவ்வளவுதானா? ஒரு டப்பா பெயிண்ட், ஒரு காலைப்பொழுது. இவ்வளவுக்காகவா ஒரு மனுஷனைக் கையைக் காலைப் பிடித்து, அடித்து, அறையில் பூட்டி, கடைசியில் ஜன்னல் இல்லாத இடத்துக்கு மூட்டை கட்டப் பார்த்தோம்?

கதவு படாரென்று திறந்தது. மேஸ்திரி வாசலில் நின்றார், ஒரு உள்ளங்கை முழுக்க நீலம்.

"தாழ்ப்பாளை எந்த நாய் கழட்டினான்?"

காண்ட்ராக்டர் ஒரு அடி பின்னால் நகர்ந்தான்.

"கேக்கறேன்ல? இங்க இருந்துச்சு. இங்க!" உட்பக்கத்தைத் தட்டினார்.

நாத்தனார்தான் தைரியமாக வாயைத் திறந்தாள். "தாழ்ப்பாள் வேண்டாம்ப்பா. நாங்க யாரும் உள்ள வரமாட்டோம். சும்மா சாத்திக்கோங்க."

"உன் வீட்ல நீ சும்மா சாத்திக்கிட்டுத்தான் போவியா?"

அவள் முகம் சிவந்துபோனது.

தையல்காரி வாசலில் கிடந்த வேலைப் பையிலிருந்து திருப்புளியை எடுத்து வந்து புருஷன் கையில் திணித்தாள். மாமனார் அறைக் கதவைக் காட்டினாள். வெளிப்பக்கத்தில் அந்தத் தாழ்ப்பாள் இருந்தது.

"கழட்டுங்க."

"உள்ள விழுந்து கிழுந்து..."

"ரெண்டே ஸ்க்ரூ போடுங்க. விழுந்தா நான் தோளால இடிச்சுத் திறந்துக்கறேன். கழட்டுங்கன்னு சொன்னேன்."

கழற்றினான். நாலு ஸ்க்ரூவுக்கும் நேரம் ஆனது. மேஸ்திரி பாத்ரூம் வாசலில் பைஜாமாவைப் பிடித்துக்கொண்டு காலை மாற்றி மாற்றி நின்றார். "சீக்கிரம்டா, எனக்கு அவசரம். எங்க கத்துக்கிட்டே இந்த வேலையை?" காண்ட்ராக்டர் கதவின் உட்பக்கத்தைத் தடவினான். கழற்றிய அன்றைக்கே பழைய ஓட்டைகளின் மேல் தந்த நிறத்தைப் பூசி மூடியிருந்தான். கட்டைவிரல் நகத்தால் ஒவ்வொன்றாகச் சுரண்டினான். அடியிலிருந்து நீலம் தெரிந்தது. முழங்கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு ரெண்டு ஸ்க்ரூவை ஏற்றினான்.

"தள்ளு," என்று மகனை வெளியே ஒதுக்கிவிட்டு மேஸ்திரி கதவைச் சாத்தினார்.

உள்ளே தாழ்ப்பாள் விழுந்தது.

மூன்று பேரும் நடையில் நின்றுகொண்டிருந்தார்கள். மேசை மேல் காகிதம் கையெழுத்து இல்லாமல் விரித்தபடி கிடந்தது.

"அங்க என்ன வேடிக்கை?" என்று உள்ளேயிருந்து அதட்டல் வந்தது. "ஆளுங்க நிக்கறது தெரியுது எனக்கு. போய் அவங்கவங்க வேலையைப் பாருங்க!"

போனார்கள்.